வடக்கே போனவர்

ஆகஸ்ட் 1, வியாழன்

மேட்டூர் நிரம்பிவிட்டது. இனி வருகிற தண்ணீரெல்லாம் நமக்குத்தான்.

எனக்கு நீச்சல் தெரியாது. கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு குடம் தண்ணீருக்குக் குழாயடியில் சண்டை போட்டு வளர்ந்த செண்பகவல்லியைக் கொண்டுவந்து, கொள்ளிடத்துக்கு நடுவில் கிடக்கிற நாணல்திட்டுக்கு வி.ஏ.ஓ.வாகப் போட்டிருக்கிறார்கள். அரசாங்கத்துக்கும் நகைச்சுவை உண்டு.

திட்டு என்பது ஆற்றின் நடுவே மணல் சேர்ந்து உண்டான மேடு. கத்திரியும் முல்லையும் நன்றாக வரும். ஆறுதான் மாவட்ட எல்லை. தெற்குக் கரை எங்களுடையது, வடக்குக் கரை அடுத்த மாவட்டம். திட்டு எங்கள் கணக்கில் இருக்கிறது. ரேஷன், ஓட்டு, பட்டா எல்லாம் தெற்கே. ஆனால் ஆறு எப்போதோ புரண்டு படுத்து, ஆழத்தைத் தென்புறம் வைத்துக்கொண்டது. வடபுறம் சாதாரண நாளில் முழங்கால் தண்ணீர்தான், வேட்டியை மடித்துக் கட்டினால் கடந்துவிடலாம். அதனால் திட்டுக்காரர்கள் பெண் கொடுத்ததும் எடுத்ததும் வடக்கே. கோபித்துக்கொண்டு போவதும் வடக்கேதான்.

தாலுகா ஆபீசில் இன்று முன்னேற்பாட்டுக் கூட்டம். வடை ஆறிய பிறகு தாசில்தார் வந்தார். ஒவ்வொரு துறையாக எழுந்து சொன்னார்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று சொல்வது நீர்வளத்துறை. ஆட்களை வெளியேற்றுவது வருவாய்த்துறை, அதாவது நான். படகு தீயணைப்புத்துறை. முகாமில் சோறு ஊராட்சி, தொண்டு நிறுவனங்கள் உதவும். கரண்டை நிறுத்துவது மின்வாரியம். எல்லோரும் நன்றாகத்தான் சொன்னார்கள், கேட்கக் கேட்க வெள்ளமே வராது போலிருந்தது.

கடைசியில் நான் கலியமூர்த்தியைப் பற்றிக் கேட்டேன். திட்டில் இருக்கிற அவருக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். தெற்குக் கரை அரசு மருத்துவமனையில் செய்துகொள்கிறார். ஆறு பெருகினால் அவரை யார் கொண்டுவருவது? ஆஸ்பத்திரிக்கு வந்தால் பார்ப்போம் என்றது சுகாதாரம். 108 கரை வரைதான் வரும், ஆற்றுக்குள் வராது. தீயணைப்பு அதிகாரி, படகு ஆபத்தில் இருப்பவர்களை மீட்கத்தான், நோயாளியை அழைத்துப்போக அல்ல என்றார். அவர் ஆபத்தில்தான் இருக்கிறார் என்றேன். இன்னும் வெள்ளமே வரலியேம்மா என்றார்.

தாசில்தார், "நல்ல கேள்வி. எல்லாரையும் ஒருங்கிணைச்சு நீங்களே பண்ணிடுங்க" என்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி.

வீட்டுக்கு வந்தால் இட்லி மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். நல்ல மாதிரி. செவ்வாய்க்கிழமை கலியமூர்த்தியைக் கொண்டுவந்து விட்டால், தண்ணீர் வடிகிறவரை அங்கேயே ஒரு படுக்கை கொடுத்து வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். தீயணைப்பு அதிகாரியிடமும் தனியாகப் பேசி, திட்டிலிருந்து கிளம்புகிற முதல் நடையில் அவரை ஏற்றிக்கொள்ள ஒப்புக்கொள்ள வைத்தேன். கூட்டத்தில் முடியாதது டீக்கடையில் முடிந்தது.

சாயங்காலம் படகுத்துறையில் அவரே இருந்தார், டயாலிசிஸ் முடித்து ஊர் திரும்ப. கையில் கட்டு, பக்கத்தில் அந்த நீலப் பை. மாற்று வேட்டி, துண்டு, ஆஸ்பத்திரி நோட்டு எல்லாம் அதில்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மனைவி இல்லை. ஒரே மகள் திலகாவை வடகரையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"ஊரச் சுத்தித் தண்ணி வருதுங்கறீங்க. எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளருக்கு மேல கூடாதுங்கறான் டாக்டரு" என்று சிரித்தார்.

வெள்ளம் வருகிற மாதிரி இருந்தால் மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. நான்தான் வேண்டாம் என்றேன். அங்கே ஆஸ்பத்திரி வேறு, டாக்டர் வேறு, போனவுடன் மெஷின் கிடைக்குமா என்று யாருக்குத் தெரியும்?

"ஐயா, நீங்க எங்கயும் அலைய வேண்டாம். பையைத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல போய் உக்காந்துக்கோங்க. மேடான இடம், மாடி இருக்கு. மொதப் படகு உங்களுக்குத்தான். நானே கூட வாரேன்."

"நீங்க சொன்னா சரிம்மா" என்றார். படகில் ஏறும்போது பையை யாரிடமும் கொடுக்காமல் அவரே தூக்கிக்கொண்டார்.

எவ்வளவோ நாளைக்குப் பிறகு ஒரு வேலையை உருப்படியாகச் செய்த திருப்தி.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. படித்துறையில் இறங்கக்கூடாது என்று போலீஸ் கயிறு கட்டியிருந்தது. பெண்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படைத்துவிட்டு, மஞ்சள் சரடு கட்டிக்கொண்டார்கள். ஆற்றுக்கு மசக்கையாம், அதனால் சித்ரான்னம். மசக்கைக்காரி இந்தத் தடவை கொஞ்சம் ஓங்கரிப்பாள் போலிருக்கிறது.

நாணல்திட்டு ஊராட்சித் தலைவர் அஞ்சம்மாள் எனக்கு ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். கலியமூர்த்தியின் கூடப்பிறந்த தங்கை. தேர்தலில் அண்ணன் எதிராளிக்கு ஓட்டுக் கேட்டார் என்று அன்றிலிருந்து பேச்சு இல்லை. "அவரு ஒடம்பு எப்படியாம்?" என்று என்னிடம் கேட்டார். மூன்று வீடு தள்ளி இருக்கிறவரைப் பற்றி ஆறு தாண்டி இருக்கிற என்னிடம் விசாரணை. நன்றாக இருக்கிறார் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் தங்கை சண்டையில் நான் எதற்குத் தூது?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

துணி காயவில்லை. வாட்ஸப் குழு காலையிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறது. சென்னையிலிருந்து கலெக்டருக்கு, கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து எங்களுக்கு. ஒரே செய்தியை எல்லோரும் ஒருவர் தலையில் ஒருவர் இறக்கி வைக்கிறோம், கீழே நிற்கிற ஆள் நான்.

முக்கொம்பில் திறந்த தண்ணீர் நாளைக்கே இங்கே வந்துவிடும். செவ்வாய் என்று நினைத்திருந்தோம். நாளைக் காலையில் திட்டைக் காலி செய்யவேண்டும்.

அம்மா போன் பண்ணினாள். "ஏ பிள்ள, தண்ணிப் பக்கம் போயிராத" என்றாள். நாளை படகில் போவதைச் சொல்லவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, திங்கள்

கால் வலி உயிர் போகிறது. ஆனாலும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

விடிந்ததும் தீயணைப்புப் படகில் திட்டுக்குப் போனேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன் என்று எழுதினால் யாராவது சிரிப்பார்கள், ஆனால் அப்படித்தான் போனேன். நேற்று இருந்த படித்துறை இல்லை. அஞ்சம்மாள் ஏற்கெனவே மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் சொன்னவுடன் கிளம்புகிற சனமா? ஆட்டை யார் பார்ப்பது, கோழி என்ன ஆகும், போன தடவை முகாமில் உப்பில்லாத சாதம் போட்டார்கள் என்று ஆளுக்கு ஒன்று. பாதிப் பேர் என் படகுக்கு வரவேயில்லை. வடபுறம் தண்ணீர் இடுப்பளவு இருக்கும்போதே டிராக்டரில் ஏறி வடகரைக்குப் போய்விட்டார்கள், சம்பந்தி வீடு, மாமியார் வீடு என்று. திட்டத்தில் அவர்கள் தெற்கே வரவேண்டும். திட்டத்தை ஆறும் படிக்கவில்லை, அவர்களும் படிக்கவில்லை.

கரையில் நின்றவர்களாலேயே முதல் நடை நிரம்பிவிட்டது, கலியமூர்த்தியை அடுத்ததில் ஏற்றலாம் என்று விட்டேன். தெற்குத் தெரு, நடுத்தெரு இரண்டும் வீடு வீடாகப் பார்த்தேன். வடக்கு முனைக்கு நடப்பதற்குள் தாசில்தார் போன். கீழே ஒரு ஊரில் கரை உடைப்பெடுத்துவிட்டது, படகு உடனே அங்கே வேண்டும். "எல்லாரும் வெளியேறியாச்சா? மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு நான் சொல்லணும். எத்தனை பேர் பாக்கி?" என்றார். தீயணைப்புக்காரர்கள் இன்ஜினை அணைக்காமலே நின்றார்கள்.

அஞ்சம்மாளிடம் கேட்டேன். "எங்க அண்ணனா? பையத் தூக்கிட்டு வடக்கால போனத நானே பார்த்தேங்க. மக வீட்டுக்குத்தான் போறாரு" என்றார். ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். "கேக்கற மாதிரி எங்களுக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

கலியமூர்த்தியின் போனுக்கு அடித்தேன், போகவில்லை. அதற்குள் திட்டில் கரண்டை நிறுத்திவிட்டார்கள், டவரும் நின்றுவிட்டது. கடைசி நடையில் கரைக்கு வந்ததும் வடகரை வி.ஏ.ஓ. இளவழுதிக்குப் போன் பண்ணினேன். என்னோடு பயிற்சியில் இருந்தவன். "உங்க ஆளுங்கல்லாம் இங்க சொந்தக்காரங்க வீட்டுல பத்திரமா இருக்காங்க, கவலப்படாதீங்க" என்றான். அவன் அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன செய்யமுடியும்?

குழுவில் செய்தி போட்டேன்: நாணல்திட்டில் எவரும் இல்லை. தாசில்தார் உடனே கட்டைவிரல் காட்டினார். படகு லாரியில் ஏறிப் போய்விட்டது.

போனில் தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன. நாளை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முகாம் மேல்நிலைப்பள்ளியில். காலையில் ஒரு தொண்டு நிறுவனம் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தது. மதியம் ஒரு கட்சிக்காரர் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தார். சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் வந்தபோது அண்டாவைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. குழந்தைகளுக்குப் பால் மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. நானும் அஞ்சம்மாளும் ஆட்டோ பிடித்துப் போய் வாங்கி வந்தோம்.

வடபுறம் இப்போது கடல் மாதிரி ஓடுகிறதாம். முழங்கால் தண்ணீர் எல்லாம் நேற்றோடு போயிற்று.

மதியம் நர்ஸ் ஸ்டெல்லா போன். "மேடம், உங்க கலியமூர்த்தி வரலியே. பெட் போட்டு வச்சிருக்கோம்." அவர் மகள் வீட்டில் இருக்கிறார், அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார் என்றேன். அவர் நோட்டு இல்லாமல் அங்கே செய்யமாட்டார்களே என்றாள். நோட்டு பையில் இருக்கிறது, பை அவரிடம் இருக்கிறது என்று சொன்னேன்.

திலகா நம்பருக்கு நாலைந்து தடவை அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வடகரையிலும் கரண்ட் இல்லையாம். நாளை கிடைக்கும்.

தூக்கம் வரவில்லை. பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

காலையில் முகாமில் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது திலகா அழைத்தாள். இப்போதுதான் போனுக்குச் சார்ஜ் ஏற்றினாளாம்.

"அப்பாவுக்கு நேத்து டயாலிசிஸ் ஆயிடுச்சா மேடம்? ஆஸ்பத்திரில நல்லாப் பாத்துக்கறாங்களா?"

அப்பா உன்னிடம் இல்லையா என்று கேட்டேன். அவள் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசினாராம். வி.ஏ.ஓ. அம்மா படகு அனுப்புகிறார்கள், நான் அங்கே ஆஸ்பத்திரியில்தான் இருப்பேன், நீ தேடாதே என்றாராம்.

பள்ளிக்கூடம் இருப்பது வடக்கு முனையில். பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறவர் வடக்கேதான் நடக்கவேண்டும்.

தாசில்தாருக்குச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "எவரும் இல்லைன்னு நீங்கதானே போட்டீங்க?" என்பது. பிறகு படகைத் திரும்பக் கேட்க ஆர்.டி.ஓ.விடம் பேசுவதாகச் சொன்னார். படகு போன ஊரில் கூரைமேல் ஆட்கள் இருக்கிறார்கள், விடமாட்டார்கள். தேசியப் பேரிடர் படை மாவட்டத் தலைநகரில் இருக்கிறது, அவர்களை அனுப்பக் கலெக்டர் சொல்லவேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தேன். எந்த மாவட்டம் என்றார்கள். சொன்னேன். எந்தக் கரை என்றார்கள். எந்தக் கரையும் இல்லை, ஆற்றுக்கு நடுவில் என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

வடகரையில் மீன்வளத்துறை கொண்டுவந்த ஃபைபர் படகுகள் நிற்பது எனக்குத் தெரியும். இளவழுதியைக் கேட்டேன். "அந்தப் படகு எங்க மாவட்டத்துக்குக் குடுத்தது. திட்டு உங்க எல்லை. உங்க கலெக்டர் ஆபீஸ்லேருந்து எங்க கலெக்டர் ஆபீசுக்கு ஒரு வார்த்தை வரணும்" என்றான். அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. யாருமே தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அஞ்சம்மாள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "வண்டிய எடுங்க" என்றார்.

ஸ்கூட்டியில் பாலம் சுற்றிப் போனோம். வழி முழுவதும் அவர் பேசியது ஒன்றுதான். "நான் ஒரு வார்த்த, எங்க போறேன்னு கேட்டிருக்கலாம். பேசாம இருக்கறதுல அப்படி என்ன ரோசம் எனக்கு?" சொல்வதற்கு என்னிடம் இருந்தது, சொல்லவில்லை.

வடகரையில் இளவழுதி எங்களைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். "நான் டீ குடிச்சிட்டு வரேன். வர நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். இந்த ஜென்மத்துக்கும் அவனைத் திட்டமாட்டேன்.

படகுக்காரர் வீரபுத்திரன் கடல்காரர், ஆற்றுச் சுழல் பழக்கமில்லை. போகிறேன், ஆனால் ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சம்மாள் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நாணல்திட்டுக்குத் தலைவரு நான். எங்க ஊரு ஆளுக்கு நான்தான் பொறுப்பு. எடுங்க."

நானும் ஏறினேன். பயம் தெரியவில்லை. கடந்தது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தார். தண்ணீர்த் தொட்டி நிழலில், சுவரில் சாய்ந்து. கால்கள் இரண்டும் வீங்கி, முகம் வேறு யாருடைய முகமோ போல. மூச்சு இழுத்தது. நீலப் பை மடியில் இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வந்துட்டீங்களாம்மா" என்றார். "எங்கயும் அலையலம்மா. இங்கயேதான் இருந்தேன்."

அஞ்சம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தங்கையின் தலையில் கை வைத்தார். இத்தனை வருஷச் சண்டை அவ்வளவுதான்.

வடகரை அருகில் என்பதால் அங்கேயே கொண்டுபோனோம். 108 கரையில் நின்றது. இளவழுதிதான் சொல்லியிருக்கவேண்டும். மருத்துவக் கல்லூரியில் மெஷினில் போட்டார்கள்.

திங்கட்கிழமை தவறிய அழைப்புகளை இப்போதுதான் பார்த்தேன். டவர் நிற்பதற்கு முன் கலியமூர்த்தி அடித்தவையும் அதில் இருந்தன. பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

விடிகாலையில் போய்விட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எடுத்தது வடகரையில். திட்டில் சுடுகாடு தண்ணீருக்குள் இருக்கிறது. திலகா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளை எப்படித் தொடுவது என்று எனக்குத் தெரியவில்லை, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

முகாமில் இன்றும் எலுமிச்சைச் சாதம்.

ஆகஸ்ட் 10, சனி

ஆய்வுக் கூட்டம். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். ஒவ்வொரு துறையும் எழுந்து, சொன்ன வேலையைச் செய்ததாகச் சொன்னது. செய்துமிருந்தார்கள். தண்ணீர் வருவதைச் சொன்னார்கள், கரண்டை நிறுத்தினார்கள், படகைத் தேவைப்பட்ட இடத்துக்கு அனுப்பினார்கள். உடைப்பெடுத்த ஊரில் கூரைமேலிருந்து ஒரு ஊரையே காப்பாற்றியிருக்கிறார்கள், கைதட்டினோம். நானும் தட்டினேன்.

உயிரிழப்பு எவ்வளவு என்று கேட்டார். தாசில்தார், இல்லை என்றார். கலியமூர்த்தி இறந்தது சிறுநீரக நோயினால், ஆஸ்பத்திரி அப்படித்தான் எழுதியிருக்கிறது. இறந்த இடமும் அடுத்த மாவட்டம். நம் கணக்கில் வராது.

வெளியே வரும்போது தாசில்தார் என்னைத் தனியாக அழைத்தார். கெட்டவர் இல்லை. என் மகள் ஊரில் அம்மாவிடம் இருந்து பிளஸ் டூ படிப்பது அவருக்குத் தெரியும், நான் ஊர்ப்பக்கம் மாறுதல் கேட்டிருப்பதும் தெரியும். ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், எப்படி எழுதவேண்டும் என்று நானே சொல்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எழுதிக் கொடுத்தேன். வெளியேறுமாறு அறிவுறுத்தியும் அன்னார் தம் சொந்த விருப்பத்தின் பேரில் தங்கிவிட்டார் என்று. கையெழுத்துப் போட்டேன்.

என்ன செய்ய? நான் ஒருத்தி உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர் திரும்பி வரப்போகிறாரா? எல்லோரும் சேர்ந்து செய்ததற்கு நான் மட்டும் ஏன் தலையைக் கொடுக்கவேண்டும்? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

இவ்வளவும் சரியாகத்தான் இருக்கிறது. தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

தண்ணீர் வடிந்து சனங்கள் திட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டுக்குள் சேறு. முல்லைக் கொடியெல்லாம் அழுகிக் கிடக்கிறது. நான் போகவில்லை, உதவியாளரை அனுப்பினேன். கேஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மறுபடியும் தண்ணீர். மேட்டூருக்கு வருகிறதை வருகிறபடியே விடுகிறார்கள். நாளை காலி செய்யவேண்டும். இந்தத் தடவை நானே போகவேண்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

படகில் போகும்போது மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பயப்படாதீர்கள், பள்ளிக்கூடத்தில் வந்து நில்லுங்கள், வயதானவர்களுக்கு முதல் படகு. வேறு எப்படிச் சொல்வது?

சொல்ல யாரும் இல்லை. நான் இறங்கும்போது திட்டு முழுவதும் நடந்துகொண்டிருந்தது. ஆடு, கோழி, அரிசி மூட்டை, நடக்க முடியாத ஒரு கிழவரைக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு. எல்லோரும் வடபுறம், தண்ணீர் முட்டியளவு இருக்கும்போதே. அரசாங்கம் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே கிளம்பியிருக்கிறார்கள்.

அஞ்சம்மாள் கடைசி ஆளாக ஒரு துணி மூட்டையோடு வந்தார். நான் வழியில் நின்று, இன்னும் நேரம் இருக்கிறதே, இந்தச் சேற்றில் ஏன் கஷ்டப்படுகிறீர்கள், பள்ளிக்கூடத்தில் இருக்கச் சொல்லுங்கள், படகு நான் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன்.

அவர் மூட்டையை இறக்கவில்லை. கோபமாகவும் பார்க்கவில்லை.

"திலகா எல்லாஞ் சொன்னா, மேடம். நீங்க எழுதிக் குடுத்ததும் எனக்குத் தெரியும்" என்றார். "நீங்க இருன்னா இருக்கறதுக்கு இந்த ஊருல எங்க அண்ணன் ஒருத்தருதான் இருந்தாரு."

அப்புறம் அவரும் தண்ணீரில் இறங்கிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த நாற்பது வயதில் இப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை.

தாசில்தார் போன் வந்தது. எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தது. தெற்குத் தெரு, நடுத்தெரு, அதற்கப்புறம் வடக்கு முனை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து, பின்கட்டு வரை போய்ப் பார்த்தேன். தீயணைப்புக்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டேன். பள்ளிக்கூடத்து மாடிப்படியில் இன்னும் சேறு. வழுக்கிவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தேன்.

யாரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் செய்தி போட்டேன்.